ஆலை விபத்தும் அறிவிப்புச் சீட்டும்

விபத்து என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு விதி என்ற சொல்லே அடுத்தபடியாக நினைவுக்கு வருகிறது. பனையேறி தவறி விழுந்தாலும், கிணறு வெட்டுகிறவன்மீது மண் சரிந்தாலும், 'அவன் தலையெழுத்து அவ்வளவுதான்' என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். துயரத்தை ஆற்றிக்கொள்ள அந்தச் சொல் உதவுகிறது. அதை நான் குறைகூற முன்வரவில்லை. ஆனால் மரம் ஏன் வழுக்கிற்று, மண் ஏன் சரிந்தது, நாளைக்கு அதே கிணற்றில் இறங்கப் போகிறவனுடைய கதி என்ன என்ற கேள்விகளை அந்தச் சொல் எழவிடுவதில்லை. விதி என்று பேசிய வாய், 'காரணம் என்ன?' என்று கேட்கத் தொடங்கியது மனித சமுதாய வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம். அந்தத் திருப்பத்துக்கு உதவிய கருவிகளுள் ஒன்று மிகச் சிறியது. தொழிற்சாலையில் ஒருவர் காயமுற்றால் அதை எழுதிச் சர்க்காருக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்ட ஒரு துண்டுச் சீட்டுதான் அது. அந்தச் சீட்டின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய கிராமத்துத் தொழில்களில் இத்தகைய சீட்டு வேண்டியிருக்கவில்லை. கொல்லன் கையைச் சுட்டுக்கொண்டால் அடுத்த தெருவுக்குத் தெரியும். தச்சன் காலை வெட்டிக்கொண்டால் ஊரே வந்து பார்க்கும். கருவியும் அவனுடையது, அதன் குணமும் அவனுக்குத் தெரியும். ஆலைத் தொழில் பிறந்தபோது இந்த நிலை மாறிற்று. பல ஊர்களிலிருந்து வந்த ஆயிரம் பேர் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றனர். சக்கரத்தைச் சுழற்றும் நீராவி இயந்திரமோ வேறோர் அறையில் இருக்கிறது. தொழிலாளி கையை எடுப்பதற்குள் அதை நிறுத்த ஆள் இல்லை. ஒருவன் விழுந்தால், அன்று மாலைக்குள் வேறொருவன் அவ்விடத்தில் நிற்கிறான். மதிலுக்கு உள்ளே நடந்தது வெளியே தெரிய வழியில்லை. ஊரின் கண் எட்டாத இடத்தில் எழுத்தின் துணை வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பஞ்சாலைகளை மனக்கண்முன் கொண்டுவருவோம். இயந்திரத்தின் ஆற்றலை ஒவ்வொரு மாடிக்கும் கொண்டு செல்ல, ஆலைக்காரர்கள் 'ஷாப்டு' என்று வழங்கும் நீண்ட இரும்புத் தண்டுகள் தரையோரமாகவும் தலைக்கு மேலாகவும் ஓடும். அவற்றிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு தறியையும் கதிரையும் சுழற்றும். நிமிஷத்துக்குப் பலமுறை சுழலும் அத்தண்டில் ஒரு பெண்ணின் பாவாடை நுனியோ, ஒரு பையனின் சட்டைக் கையோ சிக்கினால் போதும். ஆளையே சுற்றித் தூக்கி, மேல்தளத்தில் மோதி, எலும்பை நொறுக்கிவிடும். பாவாடை நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மரப்பலகை இருந்தால் அந்த உயிர் தப்பியிருக்கும். அந்தப் பலகையை வைக்கச் சொல்லும் சட்டம் அப்போது இல்லை.

1833-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், சட்டத்தின் நடப்பைப் பார்வையிட நான்கு பரிசோதகர்களை நியமித்தது. ஆனால் குழந்தைகள் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்பனவே அதன் கவலைகள். விபத்தைப் பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை. நால்வருள் ஒருவர் லியனார்டு ஹார்னர். எடின்பரோவில் பிறந்தவர், பூகர்ப்ப சாஸ்திரத்தில் ஈடுபாடு உடையவர், புகழ்பெற்ற பூகர்ப்ப அறிஞர் சார்லஸ் லயலுக்குப் பெண் கொடுத்த மாமனார். பாறை அடுக்குகளைப் பொறுமையாகப் படித்துப் பழகிய அந்தக் கண்கள் ஆலைக்குள் நுழைந்தபோது, அங்கே ஒருவரும் எழுதிவைக்காத காயங்களைக் கண்டன.

காயமுற்றவன் நியாயஸ்தலத்துக்குப் போகலாமே என்று நேயர்கள் கேட்கலாம். 1837-ஆம் ஆண்டில் நடந்த பிரீஸ்ட்லி, பௌலர் வழக்கு அந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. கசாப்புக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை செய்த பையன், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு ஒடிந்தான். நஷ்டஈடு கேட்ட அவனுக்கு எதிராக அபிங்கர் பிரபு தீர்ப்பளித்தார். வேலையிலுள்ள ஆபத்தை அறிந்தே வேலைக்காரன் வேலைக்கு வருகிறான்; உடன் வேலை செய்பவனுடைய கவனக்குறைவுக்கு எஜமானர் பொறுப்பல்லர். இதுவே அத்தீர்ப்பிலிருந்து வளர்ந்த கொள்கை. அதன்பின் பல பத்தாண்டுகள் வரை இங்கிலாந்தில் தொழிலாளியின் கதவு அந்தத் தாழ்ப்பாளால் மூடிக் கிடந்தது. ஆகவே பரிகாரம் நியாயஸ்தலத்தின் வழியாக வரவில்லை. பரிசோதகருடைய பேனாவின் வழியாகத்தான் வந்தது.

1840-ஆம் ஆண்டில் ஆஷ்லி பிரபுவின் தலைமையில் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று ஆலைச் சட்டத்தின் நடப்பை விசாரித்தது. அதைத் தொடர்ந்து பரிசோதகர்கள் விபத்துத் தடுப்பைப் பற்றித் தனி அறிக்கைகளை எழுதினர். அதன் பயனாக 1844-ஆம் ஆண்டில் புதிய சட்டம் பிறந்தது. சுழல் சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் வேலி இட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரப் பகுதிகளைச் சிறுவர் துடைக்கக் கூடாது. இவற்றோடு விபத்தை அறிவிப்பதும் கடமை என்று அச்சட்டம் விதித்தது.

அந்த அறிவிப்பு விதியைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. எந்தக் காயத்தை அறிவிக்க வேண்டும்? காயமுற்றவர் மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் வேலைக்குத் திரும்ப இயலாத அளவுக்குக் காயம் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்றது சட்டம். ஆலைகள் விடியற்காலையிலேயே ஓடத் தொடங்கும் காலம் அது. ஒன்பது மணிக்கும் ஆள் வரவில்லை என்றால் காயம் சிறியதன்று என்று கொள்ளலாம். காயத்தின் ஆழத்தை அளக்க ஒரு மருத்துவனின் சொல்லையோ ஒரு முதலாளியின் சொல்லையோ சட்டம் நம்பவில்லை, கடிகாரத்தை நம்பிற்று. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்காரர் சீட்டை அனுப்ப வேண்டும். யாருக்கு? ஆலைக் குழந்தைகளின் வயதுக்குச் சான்று கொடுக்க ஏற்கெனவே நியமிக்கப்பட்டிருந்த வைத்தியருக்கு. அவர் சீட்டின் பிரதியைப் பரிசோதகரின் அலுவலகத்துக்குத் தபாலில் சேர்ப்பித்துவிட்டு, தாமே ஆலைக்குச் சென்று காயத்தின் தன்மையையும் காரணத்தையும் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். காயம்பட்டவர் எங்கே கொண்டுபோகப்பட்டார் என்ற விவரமும் சீட்டில் இருக்க வேண்டும். ஆளைத் தொலைவில் அனுப்பிவிட்டு விஷயத்தை மூடிவிட முடியாதபடி செய்த ஏற்பாடு இது.

வேலியிடாத இயந்திரத்தைப் பற்றி முன்னமே எச்சரிக்கை கொடுத்திருந்தும் காயம் நேர்ந்தால், ஆலைக்காரருக்குப் பத்துப் பவுன் முதல் நூறு பவுன் வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தொகையைக் காயமுற்றவருக்கே கொடுக்க உள்நாட்டு மந்திரிக்கு அதிகாரம் உண்டு. அவருடைய இசைவு பெற்று, ஏழைத் தொழிலாளியின் சார்பில் பரிசோதகரே வழக்குத் தொடரவும் சட்டம் இடம் கொடுத்தது. நியாயஸ்தலம் அடைத்த வழியில் ஒரு சிறு திட்டிவாசல் இவ்வாறு திறந்தது.

சீட்டுகள் வந்து குவியத் தொடங்கின. குவிந்ததும், அதுவரை ஒருவருக்கும் தெரியாத உண்மை தெரிந்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விபத்தும் ஓர் அஜாக்கிரதையாகத் தோன்றும்: இந்தப் பெண் குனிந்தாள், அந்தப் பையன் விளையாடினான். ஆண்டுக் கணக்கில் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போது, ஒரே வகைத் தண்டு, ஒரே வகைப் பட்டை, ஒரே வகைக் காயம் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கிறோம். நூறு ஊர்களில் நூறு பேர் ஒரேவிதமாக அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று சொல்ல முடியுமா? பிழை மனிதனிடம் மாத்திரம் இல்லை, அமைப்பிலும் இருக்கிறது என்பதை அந்தச் சீட்டுகளே மெய்ப்பித்தன.

இந்த உண்மை ஆலை முதலாளிகளுக்கு உவப்பாக இல்லை. தலைக்கு மேல் ஏழடிக்கும் உயரத்தில் ஓடும் தண்டுகளுக்கும் வேலி வேண்டும் என்று 1854-ஆம் ஆண்டில் பரிசோதகர்கள் வற்புறுத்தியபோது பெரும் கிளர்ச்சி எழுந்தது. மறு ஆண்டில் முதலாளிகள் கூடித் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினர். மொத்தத் தொழிலாளர் தொகையோடு ஒப்பிட்டால் இத்தகைய மரணங்கள் சொற்பமே என்பது அவர்கள் வாதம். ஹாரியட் மார்ட்டினோ என்ற எழுத்தாளர் அவர்கள் பக்கம் நின்று ஒரு சிறு நூலே எழுதினார். மறுபக்கத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் ஹென்றி மார்லி தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். இந்தப் போரில் மார்லி ஏந்திய ஆயுதங்கள் யாவை தெரியுமா? பரிசோதகர்கள் அச்சிட்டு வெளியிட்ட விபத்துக் கணக்குகளே. 1844-க்கு முன் இந்த வாதம் நிகழ்ந்திருக்க இயலாது; எண்ணப்படாத மரணத்தைச் சொற்பம் என்று சொல்லவும் முடியாது, மிகுதி என்று சொல்லவும் முடியாது.

அந்தச் சண்டையில் ஹார்னர் தோற்றார் என்பதையும் சொல்லவேண்டும். 1856-ஆம் ஆண்டுச் சட்டம் வேலியிடும் கடமையைத் தளர்த்திற்று. பெண்களும் சிறுவரும் தம் வழக்கமான வேலையிலே தொடக்கூடிய பகுதிகளுக்கு மட்டும் அதைச் சுருக்கிற்று. ஹார்னர் 1859-இல் பதவியிலிருந்து விலகினார், 1864-இல் காலமானார். கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' என்ற நூலில் அவருடைய தொண்டைப் பாராட்டியிருக்கிறார். அவர் தோற்ற பின்பும் சீட்டு எழுதும் கடமை நின்றது. வேலியைப் பற்றிய விதிகள் பிற்காலத்தில் மீண்டும் இறுகியபோது, அடுக்கிவைத்த அந்தக் கணக்குகளே சான்றாயின.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் காயம். கை போனால் இல்லாத கையைக் காட்டலாம். உடலுக்குள் மெல்ல மெல்ல ஏறும் விஷத்துக்கு எதைக் காட்டுவது? ஈயத்தோடு பழகுகிறவனுக்கு வயிற்று வலி வருகிறது, மணிக்கட்டு தொங்கிவிடுகிறது. தீக்குச்சி முனையில் வெண்பாஸ்பரஸ் தோய்க்கும் பெண்ணுக்குப் பல் வலிக்கிறது. சில மாதங்களில் தாடை எலும்பே அழுகுகிறது. இவை விபத்தா, நோயா? நோய் என்றால் அது அவரவர் உடல்வாகு என்று சொல்லிவிடலாம் அல்லவா? 1895-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தப்பும் வழியை அடைத்தது. ஈயம், பாஸ்பரஸ், பாஷாணம் ஆகியவற்றின் நஞ்சையோ, கம்பளித் தொழிலாளரைத் தாக்கும் அடைப்பான் நோயையோ ஒரு தொழிலாளியிடம் கண்ட வைத்தியர், தலைமைப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும்; ஆலைக்காரரும் அறிவிக்க வேண்டும். 1844-இல் ஆலைக்குள் நுழைந்த சீட்டு இப்போது மருத்துவர் அறைக்குள்ளும் நுழைந்தது.

லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் பிரையண்ட் அண்டு மே என்ற பெரிய தீப்பெட்டிக் கம்பெனி இருந்தது. 1888-ஆம் ஆண்டில் அங்கே வேலை செய்த பெண்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் நிலையை முதலில் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர் அன்னி பெசண்டு அம்மையார். பின்னாளில் அடையாற்றில் குடியேறி நம்மவராகவே ஆகிவிட்ட அதே அம்மையார்தான். கூலிக் குறைப்பும் அபராதமும் அந்தப் போராட்டத்தின் முதற் பேச்சுகளாக இருந்தன. ஆனால் தாடை நோய் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்துகொண்டிருந்தது. பத்தாண்டு கழித்து, 1898-இல், அக்கம்பெனி பதினேழு பேருக்கு அந்த நோய் கண்டதை அறிவிக்காமல் மறைத்தது என்பது நியாயஸ்தலத்தில் வெளிப்பட்டது. அபராதம் 25 பவுன் 9 ஷில்லிங். பதினேழு தாடைகளுக்கு அவ்வளவுதான் விலையா என்று கேட்கத் தோன்றும். தொகை அற்பம்தான், ஆனால் நாட்டு மக்கள் அந்தச் செய்தியை மறக்கவில்லை. நோயை உண்டாக்கியது ஒரு குற்றம். நோயை எழுதாமல் விட்டது வேறொரு குற்றம் என்று அன்று ஊரறியச் சொல்லப்பட்டது.

அதே ஆண்டில் தாமஸ் லெக் என்பவர் பிரிட்டனின் முதல் மருத்துவத் தொழிற்சாலைப் பரிசோதகராக நியமனம் பெற்றார். அறிவிக்கப்பட்ட ஒவ்வோர் ஈய நஞ்சுச் செய்தியையும் அவர் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தார். எந்த வேலையில், எந்தக் கட்டத்தில் தூசு எழுகிறது என்று தேடினார். அங்கே காற்றை உறிஞ்சும் குழாய் வைக்கச் செய்தார். 1900-ஆம் ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டியிருந்த ஈய நஞ்சு அறிவிப்புகள், 1910-ஆம் ஆண்டில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. சீட்டு வெறும் தகவலாக நில்லாமல் மருந்தாக மாறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1926-இல், வண்ணம் பூசுவோரைக் காக்கும் வெள்ளீய உடன்படிக்கையைத் தம் அரசாங்கம் ஏற்க மறுத்தபோது, லெக் பதவியைத் துறந்தார்.

வெண்பாஸ்பரஸின் கதை இன்னும் சிறிது நீள்கிறது. நம் நாட்டையும் தொடுகிறது. 1906-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள், தீக்குச்சியில் வெண்பாஸ்பரஸை விலக்க உடன்படிக்கை செய்தன. பிரிட்டன் 1908-இல் சட்டம் இயற்றிற்று. இந்தியாவில் 1913-ஆம் ஆண்டில் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. அதன்பின் பத்தாண்டு சென்று, 1923-இல், கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். சிவகாசி வட்டாரத்துப் பெண்களும் சிறுவரும் பட்ட துன்பங்கள் பல; வெடி விபத்துகளில் மாண்டோர் பலர். ஆனால் லண்டன் பெண்களின் தாடையைத் தின்ற அந்த நோய் மட்டும் அவர்களை அணுகவில்லை. எங்கோ ஒரு வைத்தியர் எழுதிய சீட்டு, பிறவாத ஒரு தொழிலின் தொழிலாளரைக் கடல் கடந்து காத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ஆம் ஆண்டில் பிறந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளின் தூண்டுதலும் அதற்கு ஒரு காரணம். நல்ல காரியம் எப்போதும் நல்ல எண்ணத்தினாலேயே பிறக்கும் என்பதில்லை. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இயந்திர ஆலைகளுக்கு மாத்திரமே அச்சட்டம் பொருந்தும். இயந்திரத்துக்கு வேலி, விபத்துக்கு அறிவிப்பு ஆகிய இரண்டும் அதில் இடம் பெற்றன. ஆனால் தனிப் பரிசோதகர் இல்லாத ஜில்லாக்களில் மாஜிஸ்டிரேட்டே பரிசோதகர். நிலவரி, கொலை, கொள்ளை, பஞ்ச நிவாரணம் ஆகியவற்றுக்கிடையே ஆலைக் கூலியின் விரலைப் பற்றிய சீட்டை அவர் எப்போது படிப்பார்? சட்டம் எழுதியவர்கள் பெறுபவரின் முகவரியைக் குறித்தார்கள்; படிப்பவரைக் குறிக்க மறந்தார்கள்.

சுரங்கங்களில் நிலைமையை மாற்றியது பெருஞ்சாவு. 1897-ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கத்தில் நேர்ந்த விபத்தில் ஐம்பத்திரண்டு பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே காலத்தில் பலூசிஸ்தானத்தைச் சேர்ந்த கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் நாற்பத்தேழு பேர் உயிரிழந்தனர். கோலார் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தாலும், அங்கே பாதாளத்தில் இறங்கிய கூலிகளில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழர்களே. இவ்விரு துயரங்களும் 1901-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தை விரைவுபடுத்தின. மறு ஆண்டில் கல்கத்தாவில் சுரங்கப் பரிசோதனை அலுவலகம் அமைந்தது. 1908-இல் அது தன்பாதுக்கு மாறிற்று.

1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் ஓர் அழகிய விதி இருந்தது. மரணமோ கடுங்காயமோ நேர்ந்த இடத்தை, மேலும் ஆபத்தைத் தடுக்கவும் ஆட்களை மீட்கவும் வேண்டிய அளவுக்கு மேல், பரிசோதகர் வரும்வரை கலைக்கக்கூடாது என்பது அது. சீட்டு பொய் சொல்லக்கூடும்; சரிந்த பாறை பொய் சொல்லாது என்று சட்டம் கருதிற்றுப் போலும்.

அதே கோலாரில் வேறொரு பாடமும் உண்டு. பாறை வெடித்துச் சரிந்து மாண்டவர்களின் கணக்கு எழுதப்பட்டது. பாறைத் தூசைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கல்லாய்ப் போனவர்களின் கணக்கு நெடுங்காலம் எழுதப்படவில்லை. இருமலோடு ஊர் திரும்பி, திண்ணையில் படுத்து, காசநோய் என்ற பெயரோடு இறந்தவர்கள் எத்தனை பேரோ! 1940-களில் மருத்துவர்கள் முறையாகச் சோதித்தபோது, பார்க்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் அந்தத் தூசு நோய் இருந்தது தெரியவந்தது. அந்த ஆண்டுகளிலா நோய் பிறந்தது? இல்லை, அந்த ஆண்டுகளில்தான் அதற்கு ஏடு பிறந்தது.

1923-இல் இயற்றப்பெற்று மறு ஆண்டு ஜூலை முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், காயத்துக்குப் பணமதிப்பு வைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் சீட்டு எழுதினால் பணம் கொடுக்க வேண்டும் என்றான பிறகு, சீட்டு எழுதாமலிருக்க ஆசையும் பிறந்தது. சுதந்தரம் பெற்றபின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மரணத்தையும், நாற்பத்தெட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வரவிடாமல் செய்யும் காயத்தையும் அறிவிக்கச் சொல்லிற்று. தொழில் நோய்களுக்குத் தனி அட்டவணை வகுத்து, நோயைக் கண்ட மருத்துவரையும் அறிவிக்கச் சொல்லிற்று.

இந்த நாற்பத்தெட்டு மணிக் கணக்கு நடைமுறையில் என்ன பாடுபட்டது என்பதை நான் ஒருமுறை நேரிலே கண்டேன். ஒரு நூற்பாலையைப் பார்க்கச் சென்றிருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை. விபத்துப் பதிவேட்டைக் காட்டினார்கள். ஏடு புதிதாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. 'ஓராண்டாக ஒன்றுமே இல்லை, ஐயா' என்று அலுவலர் மகிழ்ச்சியோடு சொன்னார். திரும்பும்போது, டைம் ஆபீஸில் ஓர் இளைஞன் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கக் கண்டேன். வலக்கை முழுவதும் கட்டு. 'என்ன தம்பி, லீவு இல்லையா?' என்று கேட்டேன். 'டியூட்டிதாங்க. கார்டு போட்டாச்சு. சும்மா உட்காரச் சொன்னாங்க' என்றான். அவன் வேலைக்கு வந்துவிட்டான். ஆகையால் விபத்து நடக்கவில்லை! கட்டு போட்ட கையோடு அவனை உட்கார வைத்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குக் கூலி கிடைத்தது. ஆலைக்கு நற்பெயர் கிடைத்தது. இருவருக்கும் அன்று நஷ்டமில்லை. ஆனால் அந்தக் கையைக் கடித்த இயந்திரம் எது, அதன் மூடி ஏன் திறந்திருந்தது என்பதை இனி யாரும் கேட்கப்போவதில்லை. அதே இயந்திரத்தின்முன் மறுநாள் நின்றவனுக்குத்தான் நஷ்டம்.

அளவுகோலை மாற்றினால் கணக்கு மாறும் என்பதற்குப் பிரிட்டனின் பிற்கால வரலாறும் சான்று பகரும். 1844-இல் மறுநாள் காலை ஒன்பது மணியாக இருந்த எல்லை, பின்னர் மூன்று நாளாயிற்று. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஏழு நாளுக்கு மேல் என்றாயிற்று. எல்லை நீண்ட அன்று அறிவிப்புகளின் எண்ணிக்கை குறைந்தது இயல்பே; அதனால் ஒரு விரலாவது கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதா? எண்ணிக்கை மிகுந்தால் ஆபத்து மிகுந்தது என்றும், குறைந்தால் பத்திரம் மிகுந்தது என்றும் அவசரப்பட்டுச் சொல்லிவிடக்கூடாது. நேர்மையாக எழுதும் ஆலையின் ஏடு எப்போதும் சற்றுக் கனமாகவே இருக்கும்.

எழுதிய சீட்டைப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போபால் நமக்குக் கற்பித்தது. 1981-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் நச்சுவாயுவினால் ஒரு தொழிலாளி இறந்தார். 1982-இல் வாயுக் கசிவு மேலும் பலரைத் தாக்கிற்று. அதே ஆண்டில் தலைமைக் கம்பெனியிலிருந்து வந்த நிபுணர்களே குறைகளை எழுதிக் கொடுத்தனர். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் ஊரை எச்சரித்து எழுதினார். 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் கசிந்த வாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அங்கே எழுத்துக்குக் குறைவில்லை. எழுத்தைப் படித்துக் கையை நீட்டுவோர்தாம் இல்லை.

அந்தப் பேரழிவுக்குப்பின், 1987-ஆம் ஆண்டில், தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆபத்தான தொழிலை நடத்துகிறவர், அதன் அபாயத்தைத் தொழிலாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றது அது. அதைவிட முக்கியமானது, ஆபத்து நெருங்குகிறது என்று கருதும் தொழிலாளி அதை நேரே தம் மேலாளருக்கும் பரிசோதகருக்கும் தெரிவிக்கும் உரிமை. 1844-ஆம் ஆண்டுச் சீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காயம் பட்டவன் தொழிலாளி, எழுதியவர் முதலாளி, விசாரித்தவர் வைத்தியர், படித்தவர் பரிசோதகர். காயம் பட்டவனுக்கு மட்டும் அதில் பேச இடமில்லை. நூற்று நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்பு, நம் நாட்டில், அவன் கையிலும் பேனா வந்து சேர்ந்தது. அதுவும் காயத்துக்குப் பின்பல்ல, முன்பே. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தன்னுள் அடக்கிய 2020-ஆம் ஆண்டுத் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதிலும் விபத்து, ஆபத்தான நிகழ்ச்சி, தொழில் நோய் ஆகிய மூன்றையும் அறிவிக்கும் கடமைகள் தனித்தனிப் பிரிவுகளாக இருக்கின்றன.

சட்டம் மாறும், பிரிவுகளின் எண் மாறும். சீட்டின் தத்துவம் மாறவில்லை. அது யாரையும் தண்டிக்க மாத்திரம் எழுதப்படுவதன்று. ஒருவன் பட்ட துன்பம் அவனோடு முடிந்துவிடாமல், அடுத்தவனுக்கு அறிவாகப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே எழுதப்படுகிறது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழும் சித்தாளும், கழிவுநீர்த் தொட்டியில் மூச்சு முட்டி மாளும் தொழிலாளியும், காண்டிராக்டர் வழியே பெயர் தெரியாமல் வந்துபோகும் கூலியும் இன்றும் பெரும்பாலும் ஏட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களுடைய பெயரும், அவர்களை வீழ்த்திய காரணமும் ஒரு தாளில் ஏறினால்தான் விதி என்ற பேச்சு நின்று, வேலி என்ற பேச்சு தொடங்கும். ஆதலால் ஆலையை மேற்பார்க்கும் அதிகாரிகளுக்கும், நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கு உழைக்கும் தோழர்களுக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒருவன் கையில் காயம் கண்டால், மருந்து போட்ட கையோடு பேனாவையும் எடுங்கள், எழுதியதைப் படிக்கக் கடமைப்பட்டவர், படித்ததோடு நில்லாமல் எழுந்து சென்று அந்த இயந்திரத்தைப் பாருங்கள்.